முனியம்மாள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு

திண்டிவனம்
8-3-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயம் வணக்கம் சொல்லி எழுதுவது. ஜபல்பூரில் இந்நேரம் குளிர் விட்டிருக்கும், உன் தொண்டையும் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், மனசு வரவில்லை. விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். வருகிற இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை அப்பா என்னைத் திருவாமாத்தூர் வட்டப்பாறைக்கு அழைத்துப் போகிறார். பாஞ்சாலி வீட்டில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை என்று அங்கே நான் சத்தியம் செய்ய வேண்டும்.

இதைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்துக்கொண்டு பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா?

எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் நான் எழுதிய கட்டுரை வந்திருக்கிறது. 'வயிறு செய்த சேட்டைகள்' என்று தலைப்பு. போட்டோவும் போட்டிருக்கிறார்கள். பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன், அது போகட்டும். எல்லாக் கஷ்டமும் அந்தக் கட்டுரையால்தான் வந்தது.

நான் எழுதப் பழகிய கதை உனக்குத் தெரியாது. முதல் வருடம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் 'கார்காலத்தின் மாட்சி' என்று ஒன்று கொடுத்தேன். முகில், மயில், முல்லை ஒன்று பாக்கியில்லை. பத்திரிகையைப் பார்த்துக்கொள்வது என் அறைத்தோழி பல்கீஸ் பீவி. கோட்டக்குப்பத்துக்காரி, அவள் அத்தா குவைத்தில் இருக்கிறார். படித்துவிட்டு, "இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடி. இதுல யாரும் நனையல, யாருக்கும் பசிக்கல" என்றாள். எனக்கு ரோஷம் வந்து அவளோடு பேச்சை நிறுத்தினேன். அந்த ரோஷத்திலேயே விடுதி உப்புமாவைப் பற்றி எழுதினேன். சுவரொட்டி ஒட்ட வந்தவர்கள் பசை தீர்ந்துபோய் எங்கள் சமையலறையில் உப்புமா கேட்டு வாங்கிப் போனதாக எழுதியிருந்தேன். விடுதியே சிரித்தது, பரிமாறுகிற அம்மாவும் சிரித்தார். உப்புமா மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகு தீனி விஷயம் எழுத என்னைவிட்டால் ஆளில்லை என்று ஆகிவிட்டது.

ஆண்டு மலருக்கு நம் ஊர்த் தீனியை எழுதினேன். அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டையைப் பிடுங்கிச் சருகு மூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு, வாயெல்லாம் கரியாகி மாட்டிக்கொண்டதை எழுதினேன். மலரில் அதை வேர்க்கடலை என்று மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். கமர்கட்டைப் பாவாடைத் துணியில் சுற்றிக் காக்காக்கடி கடித்துப் பங்கு போட்டதை எழுதினேன். கடைசியாகப் பள்ளிக்கூடம் விட்டுப் பாஞ்சாலி வீட்டில் கேப்பைக் களி தின்றதை எழுதினேன். முதலில் 'தோழி ஒருத்தி வீட்டில்' என்றுதான் போட்டிருந்தேன். பல்கீஸ் அதை அடித்துவிட்டு, "அவளுக்குப் பேரில்லையா? பேரில்லாத வீட்டுக் குழம்பு எப்படி ருசிக்கும்?" என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. பாஞ்சாலி என்று எழுதினேன், அவள் அம்மா முனியம்மாள் என்று எழுதினேன், காலனி என்றும் எழுதினேன். முனியம்மா களி உருண்டையில் விரலால் குழி பண்ணி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றுவதையும் எழுதினேன். நாம் மென்றுகொண்டிருந்தால் பாஞ்சாலி, "களிய மெல்லுவாங்களா, முழுங்குங்க" என்று தலையில் குட்டுவாளே, அதையும் விடவில்லை. உன் பெயரை மட்டும் எழுதவில்லை. 'நாங்கள்' என்று போட்டேன். வீட்டில் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று அன்றைக்கு நீ மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

நம் ஊரில் யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அப்பாவை மறந்துபோனேன். நான் வீட்டுக்குக் கொண்டுபோன மலரில் என் போட்டோவைப் பார்த்ததும் அப்பா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய்விட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆகவே கிளார்க் கண்ணையனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். உப்புமாவுக்கு எல்லாரும் சிரித்தார்களாம். மல்லாட்டைக்கும் சிரித்தார்களாம். களி வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணையன் நிறுத்தவும் இல்லை, கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார்.

அப்போது அப்பா எழுந்து, "அது கதப்பா. பொஸ்தவத்துல எழுதுறதெல்லாம் நடந்ததா? எம்பொண்ணு வட்டப்பாறையில வேணாலும் வந்து சத்தியம் பண்ணும்" என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். கோபத்திலும் சொல்லவில்லை அண்ணா, என்மேல் இருக்கிற நம்பிக்கையில் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

நம் பக்கத்தில் பங்காளிச் சண்டையோ வரப்புத் தகராறோ, திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையில் கற்பூரம் ஏற்றிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே பொய் சொன்னவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று அம்மா நமக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு நாம் தின்றது தெரியும். நம் வாயில் கருவாட்டு வாசனை அடித்த நாளிலேயே தெரியும். இப்போது அவள்தான் தூங்காமல் கிடக்கிறாள்.

விழுப்புரம் உரக்கடை நடராசன் மாமா காதுக்கும் விஷயம் போய்விட்டது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று பேசியிருக்கிற இடம். அவர் மகனுக்கு நான், உனக்கு அவர் மகள். சத்தியம் நடக்கட்டும், பிறகு தட்டு மாற்றலாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் பச்சைமுத்து வீட்டாரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெண்ணுக்குச் சோறு போட்டார்கள் என்று கோபம். பாஞ்சாலியின் அப்பா பச்சைமுத்து நம் வாசல் வரை வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போயிருக்கிறார்.

நீ அப்பாவுக்கு உடனே எழுது. சத்தியமெல்லாம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மிலிட்டரியில் இருக்கிற பிள்ளை சொன்னால் கேட்பார். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஜெயம்


திண்டிவனம்
22-3-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. சத்தியத்தைச் சும்மா செய்துவிட்டு வா, சின்ன வயசில் நடந்ததையெல்லாம் சாமி கணக்கில் வைக்காது என்று எழுதியிருக்கிறாய். கீழே, நடராசன் மாமா மகளின் போட்டோ நன்றாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.  பல்கீஸ் என்னவென்று கேட்டாள், அண்ணனுக்குத் தொண்டை சரியாகிவிட்டதாம் என்று சொன்னேன்.

நேற்று சத்தியம் நடக்கவில்லை. கோயிலுக்குப் போகக்கூடாத நாள் என்று அம்மா அப்பாவிடம் ஒரு பொய்யைச் சொல்லித் தள்ளிவைத்தாள். உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அடுத்த வெள்ளி, இருபத்தெட்டாம் தேதிக்கு மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் தள்ள வழியில்லை. எனக்கு ஏப்ரலில் கடைசி வருடப் பரீட்சை. சத்தியம் செய்துவிட்டுத்தான் பரீட்சை, இல்லையென்றால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பல்கீஸ் தன்னால்தான் எல்லாம் என்று அழுகிறாள். களி விஷயத்தை அவளே சொந்தமாகச் சேர்த்துவிட்டதாக அப்பாவுக்கு எழுதுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "அவங்க வூட்ல துன்ன, சரி. உன் சிநேகிதியோட அம்மாவ ஏன்டி பேரச் சொல்லிக் கூப்பிடுற? எங்க ஊர்ல பெரியம்மான்னுதான் சொல்லுவோம்" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.  அவர் கையால் வாங்கித் தின்றுகொண்டே நீயும் நானும் முனியம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றுதான் கேட்டிருக்கிறோம்.

வியாழக்கிழமை விழுப்புரத்துக்குப் போய்ப் பாஞ்சாலியைப் பார்த்தேன். அங்கே ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள் அல்லவா? பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும் கேட்டது, "கொழம்புல மாங்கா போட்டிருந்தோமே, அத ஏண்டி வுட்டுட்ட?" என்றுதான். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே நின்றோம்.

நான் என்ன செய்யட்டும் என்று அவளைக் கேட்டேன். "சத்தியம் பண்ணிடு ஜெயம். நீ துன்னலன்னு சொன்னா எங்க வூட்டுக்கு நாளைக்கே வேல வந்துடும். எங்கப்பா வூட்லயே குந்திக்கினு கீறாரு, பாக்க முடியல" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சொன்னதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பஸ் வந்து ஏறப்போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா எங்கம்மாகிட்ட நீயே வந்து சொல்லிடு, எங்க வூட்ல நீ துன்னதே இல்லன்னு. என்னால சொல்ல முடியாது. நான் போட்டது சோறுதான, வெசமான்னு அது கேட்டுக்கினே கீது" என்றாள்.

திண்டிவனம் வந்து சேரும் வரைக்கும் என் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

அண்ணா, பொய் சொன்னால் எல்லாருக்கும் நல்லது. அப்பாவுக்கு மானம், எனக்குப் பரீட்சை, பச்சைமுத்து வீட்டுக்கு வேலை, உனக்குக் கல்யாணம். உண்மை சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் முனியம்மா முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஆகுமா என்று நினைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. எனக்குப் பாறையைவிட முனியம்மாவிடம்தான் பயமாக இருக்கிறது.

நீ வரமுடியாது, தெரியும். தந்தியாவது கொடு. இருபத்தேழுக்குள் வரவேண்டும்.

உன் தங்கை,
ஜெயம்


கெடார்
31-3-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து தந்தி வரவில்லை. டூட்டியில் இருந்திருப்பாய் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திருவாமாத்தூர் போனோம். அப்பா, அம்மா, நான். ஊர் சார்பாகக் கண்ணையன் வந்தார். விழுப்புரத்திலிருந்து நடராசன் மாமா வாடகைக் காரில் வந்து இறங்கினார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி நடந்தார். பஸ்ஸில் வரும்போதே எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்து, "பயப்படாத, ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும்" என்றார். நான் அந்த நேரத்தில் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு போய் நின்றேன். கற்பூரம் ஏற்றினார்கள். சொல்லு என்றார் அப்பா. நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். என் வாய் அதைத்தான் சொல்லப்போனது. சத்தியமாகச் சொல்கிறேன், பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "முனியம்மா வீட்ல களி துன்னேன். கருவாட்டுக் குழம்பு ஊத்தித் துன்னேன். ஒருநாள் இல்ல, பல நாள் துன்னேன். நான் எழுதினது கதையில்ல" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, கற்பூரத்தைப் பார்த்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், திரும்ப ஒருமுறை சரியாகச் சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார்.

நடராசன் மாமாதான் முதலில் பேசினார். "நாங்கள்னு எழுதியிருக்கியேம்மா. கூடத் துன்னது யாரு?" என்று நிதானமாகக் கேட்டார். கடையில் மூட்டை எண்ணுகிறவர் அல்லவா, ஒன்று விடமாட்டார்.  உன் பெயரைச் சொன்னால் உன் கல்யாணம் போச்சு. யாருமில்லை என்று சொன்னால் பாறைமேல் பொய். கண்ணையன் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கற்பூரம் பாதி எரிந்துவிட்டது.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் இதுவரை வாயே திறக்காதவள் வந்து, கற்பூரத்தின்மேல் கையை வைத்து அணைத்து, "நானும் துன்னிருக்கேன் அந்த வூட்டுக் கொழம்ப. இன்னும் என்னா கேக்கணும் கேளுங்க" என்றாள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நடராசன் மாமா விபூதிகூட வாங்காமல் காரில் ஏறினார். அப்பா பஸ்ஸில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். எங்களுக்கும் சேர்த்து அவர்தான் டிக்கெட் எடுத்தார், திரும்பிப் பார்க்காமல் கொடுத்தார்.

எனக்கு அம்மாவைப் பற்றித்தான் பயம். என்னைக் காப்பாற்ற, உன்னைக் காப்பாற்ற, வட்டப்பாறையில் பொய் சொல்லிவிட்டாளே என்று அவள் பின்னாலேயே அலைந்தேன். வைக்கோல் பிடுங்கப் போனால் பாம்பு இருக்குமோ என்று நான் முன்னால் போய்க் கோலால் தட்டினேன். சாயங்காலம் கிணற்றுமேட்டுக்குப் போனால் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பொய் சொன்னவங்கதாண்டி பயப்படணும்" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். நீ அவள் வயிற்றில் இருந்தபோது எதைத் தின்றாலும் வாந்தியாம், தண்ணீர்கூடத் தங்கவில்லையாம். களை எடுக்க வந்த முனியம்மா பார்த்துவிட்டு, மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பைச் சின்னச் சட்டியில் கிணற்றுமேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதுதான் முதன்முதலில் தங்கியதாம். அப்புறம் நீ பிறக்கும் வரைக்கும் ஆசை வரும்போதெல்லாம் முனியம்மா கொண்டுவருவாராம். "உங்கப்பாவுக்கு இத்தன வருசமாத் தெரியாது. பாறையில நின்னு சொல்ற வரைக்கும் நானே மறந்துபோன மாதிரிதான் இருந்தேன்" என்றாள்.

நேற்று நம் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஊரில் ஒருவரும் வரவில்லை. அம்மா காலனிக்குப் போய்ப் பச்சைமுத்து வீட்டாரைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். முனியம்மா வெளியே வந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் பெரியம்மா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா புதுசா" என்று கேட்டார். ஆனால் வந்தார்கள், எல்லாரும் வந்து பிடுங்கிக் கொடுத்தார்கள். அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மத்தியானம் அம்மா எல்லாருக்கும் ஒன்றாகச் சோறு போட்டாள். அப்பா தண்ணீர் மட்டும் குடித்தார்.

பரீட்சைக்கு அம்மாவே என்னைப் பஸ் ஏற்றி விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இனி உன் விஷயம். என் கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது, அதில் எனக்கு அழுகை ஒன்றும் இல்லை. உன்னுடையது முறியவில்லை. பையனை நேராக விசாரித்துக்கொள்கிறேன் என்று நடராசன் மாமா சொல்லி அனுப்பி, உன் முகவரியை வாங்கியிருக்கிறார். அவர் கடிதம் உனக்கு வரும். ஒரே கேள்விதான் இருக்கும். நானோ அம்மாவோ உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். இல்லை என்று நீ எழுதினால் அந்த வீட்டுப் பெண் உனக்குக் கிடைப்பாள். அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

எழுதுவதற்கு முன்னால் இதை மட்டும் தெரிந்துகொள். அப்பா எங்களோடு பேசுவதில்லை. ஆனால் தபால்காரரை நிறுத்தி, ஜபல்பூரிலிருந்து கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறார். எம்பையன் அப்படியில்ல என்று பால் சொசைட்டியில் சொன்னாராம். கண்ணையன் சும்மா இருக்காமல், வட்டப்பாறையில சொல்லுவானா என்று கேட்டிருக்கிறார். அப்பா பால் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். லீவு கிடைத்தால் வரச் சொன்னாள். பஸ் காலனி முனையில்தான் நிற்கும், பெரியம்மா வாசலைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும், தலையைக் குனிந்துகொண்டு வராமல் வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னாள்.

உன் அன்புத் தங்கை,
ஜெயம்